வட்டவளைக்குப் போன பேரிங் வண்டிகள்

தலவாக்கலை ஸ்டேஷனை விட்டு நடக்கத் தொடங்கியபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பலகை தோளில் இருந்தது. பலகைக்கு அடியில் சக்கரமாகப் பூட்டியிருந்த இரும்புச் சில்லுகளின் சூடு இன்னும் தணியவில்லை. ஒன்று என் கழுத்தில் பட்டுச் சுட்டது. அதைத் தள்ளி வைக்கவும் தோன்றவில்லை. ரயில் போய்விட்டது.

முன்னால் போனவனை நாங்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அந்த ரயிலில் போனது அவனுடைய தங்கை. பதினைந்து வயது ஆகவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விடுவதற்காக, இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஒரு பொம்பளை அவளை, அவன் அம்மா இருக்கிற பூண்டுலோயாவிலிருந்து அழைத்து வந்து தலவாக்கலையில் ரயில் ஏற்றுகிறாள் என்று அன்று காலையில்தான் அவனுக்குத் தெரிந்தது. ரயில் வருவதற்குள் போய் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்து லிந்துலை வழியாக அத்தனை தூரம் உருண்டு வந்தோம்.

டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும், "போய் அரை மணி ஆகுதே" என்றார்.

எங்களில் மூன்றாமவன், உபதேசியார் மகன், விடவில்லை. "பதினொன்னரை ரயில் அதுக்குள்ள எப்படி ஐயா போகும்? நாங்க லிந்துலையத் தாண்டும்போதுதான் பதினொரு மணிச் சங்கு ஊதிச்சு."

"எந்தச் சங்கு?"

"தோட்டத்து ஃபெக்டரி சங்கு."

அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் கையால் காட்டினார். "இது ரயில்வே தம்பி. இங்க புது நேரம்."

கரண்டு பற்றாக்குறை என்று சொல்லி அரசாங்கம் நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் முன்னால் தள்ளி வைத்த காலம் அது. முதலில் ஒரு மணி நேரம் தள்ளினார்கள். பிறகு அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். டவுனில் எல்லோரும் மாறிவிட்டார்கள். மலையில் சில தோட்டங்கள் மாறவில்லை. புது நேரப்படி, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தினால் இருட்டில் கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாது. அதனால் துரை சொல்லிவிட்டார், சங்கு பழைய நேரத்துக்கே ஊதட்டும் என்று. பஸ்ஸைப் பற்றியோ ஆஸ்பத்திரியைப் பற்றியோ யார் ஒரு நேரம் சொன்னாலும், "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்பது அப்போது எங்களுக்குப் பழகிப்போன கேள்வி. கல்யாண வீட்டில்கூடக் கேட்பார்கள். அன்று காலையில் நாங்கள் வேலை செய்த காய்கறித் தோட்டத்துக்குக் கோவா ஏற்ற வந்த லொறிக்காரர் ரயில் நேரத்தைச் சொன்னபோது மூன்று பேரில் ஒருவனுக்கும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை.

"உங்க வீட்டுல ரேடியோ இருக்கு இல்ல? நீயாவது யோசிச்சிருக்கலாமே" என்றேன் உபதேசியார் மகனிடம்.

"எங்க அப்பாவுக்கு ஜெபத்துக்குப் புது நேரம், சோத்துக்குப் பழைய நேரம். நான் எதைன்னு பிடிக்கிறது?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

பத்து வருடம் போல ஆன பிறகு அரசாங்கம் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தது. அப்போது நான் ஹட்டனில் ஒரு பேக்கரியில் இருந்தேன். முதலாளி ஸ்டூலைப் போட்டு என்னைத்தான் ஏறி முள்ளைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். ஒரு விரலால் செய்கிற வேலை.

ஸ்டேஷன் வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் எங்களை நிறுத்தினார். நாங்கள் ஜன்னலில் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

"வெள்ளச் சட்ட போட்ட புள்ளயா? பள்ளிக்கூடத்துச் சட்ட?"

நெட்டை நின்றான். "ஆமாங்க."

"அந்தக் கொழும்பு அக்கா கூடத்தான் ஏறிச்சு. ஆனா அது இன்னிக்கே கொழும்புக்குப் போகாதுப்பா. வட்டவளையில அதுக்கு வீடு இருக்கு. அங்கங்க உள்ள புள்ளைங்களச் சேத்துக்கிட்டு நாளைக்குக் காலையிலதான் போகும். எப்பவும் அப்படித்தான்."

அன்று பஸ் இல்லை. தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ரயில் ராத்திரி, அதுவும் வட்டவளையில் நிற்காது. நெட்டை எங்களைத் திரும்பிப் பார்த்தான். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. பலகையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கொட்டகலைப் பக்கம் நடந்தான். நாங்களும் நடந்தோம்.

அந்த வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் வேலை செய்தோம். மேல் காட்டிலிருந்து விறகையும், விளைந்த கோவாவையும் ரோட்டுக்கு இறக்க வேண்டும். அதற்காகச் செய்தவை. ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு டர்பன்டைன் மரப் பலகை, பின்னால் ஒரு குறுக்குக் கட்டை, முன்னால் திரும்புகிற மாதிரி ஒரு கட்டை, லொறி கராஜில் கெஞ்சி வாங்கிய பழைய பேரிங்குகள். முன் கட்டையில் கயிறு. பிரேக் என்றால் பின்னால் அடித்த டயர்த் துண்டுதான், அதைக் குதிகாலால் மிதிக்க வேண்டும். மேட்டில் நாம் வண்டியைத் தூக்குவோம், பள்ளத்தில் வண்டி நம்மைத் தூக்கும். மூன்றையும் செய்தவன் உபதேசியார் மகன். அவன் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டே ஓட்டுவான், கயிற்றை மாட்டுக்காரன் மாதிரி பிடித்துக்கொண்டு.

இரும்புச் சில்லு தார் ரோட்டில் போடுகிற சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். கல் உடைக்கிற இயந்திரம் உங்கள் கூடவே வருகிற மாதிரி இருக்கும். எங்களுக்கு முன்னால் எங்கள் சத்தம் போய்விடும். லயத்துப் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடி வந்து நிற்பார்கள். குழிக்கு ஒரு தரம் பல் ஆடும். அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் ரோட்டில் தாரை விடக் குழிதான் அதிகம்.

காலையில் வந்தபோது நெட்டை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். சொன்னால் நம்பமாட்டார்கள். ரயிலுக்கு முன்னால் போய்விடுவோம் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

கொட்டகலை வரை ஏற்றம்தான் அதிகம். அருவி தெரிகிற வளைவில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் அருவியை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார். அந்தப் படம் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கும். அதில் நெட்டைக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கும்.

நடக்கும்போதுதான் அவன் பேசினான். எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவன் வாயால் முழுவதும் சொன்னது அன்றைக்குத்தான். அப்பா செத்த பிறகு தோட்டத்து வீடு, லயத்தில் ஒரு காம்பரா, அம்மாவின் பேரில் நிற்கிறது. அம்மாவுக்கு நெஞ்சு வலி, மலைக்கு ஏற முடியவில்லை. அந்தக் காம்பராவிலிருந்து வேலைக்கு ஒரு ஆள் பேர் பதியவில்லை என்றால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். தங்கைக்கு வயது பத்தாது. பதிய வேண்டியவன் இவன். இவன் ஒரு தரம் பதிந்து, பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் அறை வாங்கி, கவ்வாத்துக் கத்தியை அங்கேயே போட்டுவிட்டு வந்தவன். அம்மா இரண்டு தரம் ஆள் விட்டாள். போகவில்லை.

"போயிருக்கலாம் மச்சான்" என்றான்.

"இப்பப் போறியா?" என்று நான் கேட்டேன்.

"தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நேரா போறேன். நாளைக்கே களத்துல நிக்கிறேன். அந்தாளு இன்னொரு கன்னத்துலயும் அடிக்கட்டும்."

"அடிக்க மாட்டான்டா. நீ வளந்துட்ட. இப்ப அவனுக்கு எட்டாது" என்றான் உபதேசியார் மகன்.

நெட்டை அப்போது சிரித்தான். அவன் சொன்னதைச் செய்திருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஹட்டன் டவுனுக்குள் நுழைகிற இடத்தில் பொலிஸ் தடை இருந்தது. எனக்கும் உபதேசியார் மகனுக்கும் அடையாள அட்டை உண்டு. நெட்டைக்கு இல்லை, சண்டைக் காலத்தில் அட்டை இல்லாத தமிழ்ப் பையனை உள்ளே வைத்துவிடுவார்கள். எங்கள் சத்தம் முன்னாலேயே போய்விட்டதால் நழுவவும் வழியில்லை. இளவயதுப் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மே மொகத்த? கொஹெத யன்னே?" இது என்ன, எங்கே போகிறீர்கள் என்று.

உபதேசியார் மகனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வட்டவளையில் வண்டிப் பந்தயம் இருக்கிறது, நாங்கள் அக்கரப்பத்தனை டீம் என்று சொன்னான். கடவுளுக்குப் பயந்த குடும்பத்துப் பையன். கண் இமைக்காமல் சொன்னான். பொலிஸ்காரர் பலகையைக் கவிழ்த்துப் பேரிங்கைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கூட்டாளி தள்ளினார். ஒரு கடை வாசல் வரைக்கும் நன்றாகப் போனார். அதற்குப் பிறகு வாழைக்குலைக்குள் போனார். கடைக்காரர், பொலிஸ், தெருவில் நின்ற ஆட்கள், எல்லோரும் சிரித்தார்கள். அட்டை கேட்க யாருக்கும் நினைவு வரவில்லை. நெட்டை மட்டும் தலையைக் குனிந்து நின்றான். பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஹட்டனுக்குக் கீழே ரோடு இறங்குகிறது. அதைத்தான் தலவாக்கலையிலிருந்தே எதிர்பார்த்தோம். நல்ல இறக்கம், டவுனுக்குப் பக்கம் என்பதால் குழியும் குறைவு. ஆனால் வட்டவளைப் பக்கத்து மழை எங்களுக்காகக் காத்திருக்குமா? றொசல்லையைத் தாண்டுவதற்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டது. நனைந்த தாரில் இரும்புச் சில்லு பிடிக்காது, சறுக்கும். டயர்த் துண்டை மிதித்தாலும் சும்மா வழுக்கிக்கொண்டு போகும்.

"எறங்கித் தூக்கிட்டு நடப்போம்டா" என்று உபதேசியார் மகன் பின்னாலிருந்து கத்தினான்.

"நீ நட. ராத்திரியானா வீட்டக் கண்டுபிடிக்க முடியாது" என்று நெட்டை திருப்பிக் கத்தினான்.

இரண்டாவது வளைவில் கொழுந்து லொறி ஒன்று மேலே ஏறி வந்தது. நெட்டை கயிற்றை இழுத்தான். முன் கட்டை திரும்பியது, வண்டி திரும்பவில்லை. லொறியில் மோதவில்லை. மதகுக் கல்லில் மோதினான். கட்டை உடைகிற சத்தம் கேட்டது. கட்டைதான் என்று நினைத்தேன்.

லொறிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். அவர் மேலே ஃபெக்டரிக்குப் போகிறவர், கொழுந்து காத்திருக்காது. நெட்டையை என் பலகையில் படுக்க வைக்க உதவி செய்தார். கொழுந்துச் சாக்கு ஒன்றை எடுத்து மேலே போர்த்திவிட்டார். "வட்டவளை கிட்டத்தான். பைய இழுத்துட்டுப் போங்க" என்றார். உபதேசியார் மகன் முன்னால் கயிற்றைப் பிடித்தான், நான் பின்னால் பலகையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கினேன். நெட்டை ஒரு தரம்கூடக் கத்தவில்லை. பள்ளத்தில் சில்லு இறங்கும்போது மட்டும் என் கையைப் பிடிப்பான், பிறகு விடுவான்.

கொழும்பு அக்காவின் வீடு ஸ்டேஷனுக்கு மேலே ரோட்டோரத்தில் இருந்தது. தகரக் கூரை, பச்சை நிறக் கதவு. கேட்ட முதல் ஆளே காட்டினார். சத்தம் கேட்டு அந்த அக்கா குடையோடு வெளியே வந்தார். தடித்த உடம்பு, வெற்றிலை வாய்.

"இதென்னடா கூத்து? பொணத்த இழுத்துட்டு வர்ற மாதிரி வர்றீங்க?"

"பூண்டுலோயாவிலருந்து ஒரு புள்ள வந்திருக்கு இல்லங்க, அதோட அண்ணன்" என்றேன்.

அதற்குள் தங்கை கதவுக்கு வந்துவிட்டாள். கையில் ரொட்டி மாவு. யாருடையதோ ஒரு பெரிய சட்டையைக் கொடுத்திருந்தார்கள், தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே."

நெட்டை முழங்கையை ஊன்றி எழுந்தான். "கெளம்பு. வீட்டுக்குப் போவோம்."

"எதுல? இந்தப் பலகையிலயா?"

"வெளாடாத புள்ள. நான் வந்துட்டேன் இல்ல? பேர் பதியிறேன். நாளைக்கே பெரட்டுக்குப் போறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் சாக்கை விலக்கினாள். முழங்காலைப் பார்த்தாள். அது இருக்க வேண்டிய பக்கம் இருக்கவில்லை.

"எந்தக் கால்ல நிப்ப?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

உள்ளே போய்த் தன் பையைத் திறந்து பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். காலையில் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், அவளிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான். பல்லால் கடித்து ஓரத்தைப் பிரித்து நீளமாகக் கிழித்தாள். அந்த அக்கா, "அடி, நல்ல துணிடீ" என்றார். "கொழும்புல எனக்கு இது எதுக்கு அக்கா?" என்றாள்.

அந்த அக்காவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பி டாக்டர் ஐயாவைக் கூட்டிவரச் செய்தார். அவர் இரண்டு பக்கமும் கம்பு வைத்து அந்தத் துணியால் கட்டினார், ஊசி போட்டார். எலும்பு உடைந்திருக்கிறது, விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மாதக் கணக்கில் காலை ஊன்றக் கூடாது, மலை ஏறுகிற வேலையை மறந்துவிட வேண்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சின்ன வீடு, எல்லோருக்கும் கேட்டது. அக்கா எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். நாங்கள் சாப்பிட்டோம். பசி இருந்தது.

நெட்டை கண்ணயர்ந்த பிறகு அவள் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான் அங்கே சட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். சங்கையும் ஸ்டேஷன் கடிகாரத்தையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ரயில் வர்ற வரைக்கும் நான் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அண்ணன் எப்படியும் வரும்னு நெனச்சேன். வந்து கையப் பிடிச்சா அப்படியே போயிருவேன், அக்கா கத்தட்டும்னு இருந்தேன். ரயில் கெளம்புன பொறகும் எட்டி எட்டிப் பாத்தேன்."

"இப்ப வந்துட்டோமே. இப்பப் போகலாமே" என்றேன். சொல்லும்போதே அது பேச்சுக்குச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"நேத்து வரைக்கும் அம்மா ஒரு ஆளுதான் ஒக்காந்திருந்துச்சு. இப்ப ரெண்டு பேரு. நான் போகாம எப்படிங்க?"

அவளைத் தடுக்கத்தான் அத்தனை தூரம் வந்தோம். நாங்கள் வராமல் இருந்திருந்தால் நெட்டை என்றாவது ஒரு நாள் தன் காலில் போய்ப் பெரட்டில் நின்று அவளைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கக் கூடும். வந்ததால் அதுவும் இல்லாமல் போயிற்று. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

விடிந்ததும் மழை நின்றிருந்தது. ஊசி மயக்கத்தில் நெட்டை தூங்கிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து காலில் போட்ட கட்டைப் பார்த்தாள், சாக்கை இழுத்துப் போர்த்தினாள். "எழுப்பாதீங்க. எழுந்தா அழும். அது அழுது நான் பாத்ததில்ல, இன்னிக்குப் பாக்க வேணாம்" என்றாள். உபதேசியார் மகனை அவனோடு விட்டுவிட்டு அவள் பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அக்கா முன்னால், மூன்று பிள்ளைகள் பின்னால். பை ரொம்ப லேசாக இருந்தது.

ஸ்டேஷனில் பால் கேன்களும் சாக்கு மூட்டைகளும் மேடையில் குவிந்து கிடந்தன. அவற்றை ரயிலில் ஏற்றிவிடுகிற ஒரு பெரியவர், தலையில் துண்டு கட்டியவர், அங்கும் இங்கும் ஓடித் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களில் ஒருவன் வரவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார்.

"ஏய் தம்பி, கை சும்மாதானே இருக்கு? மூட்ட தூக்குவியா?"

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு செய்த வேலைகள் எல்லாம் இப்படித்தான் வந்தன, யாராவது ஒருவர் கேட்பார், நான் ஆமாம் என்பேன். நெட்டையைப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டால் பக்கத்தில் ஒருவன் இருக்க வேண்டும். இருக்கிறவனுக்கு வேலை வேண்டும். தூக்குவேன் என்றேன்.

ரயில் வந்தது. அவளும் மற்றப் பிள்ளைகளும் நடுப்பெட்டியில் ஏறினார்கள். நான் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். கேன்கள் போயின, மூட்டைகள் போயின. கடைசி மூட்டையைத் தூக்கும்போதுதான் அது கேட்டது. முதலில் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். மேலே ரோட்டில் கல் உடைக்கிற இயந்திரம் ஒன்று இறங்கி வருகிறது.

நான் மூட்டையைப் பெட்டி வாசலில், கதவு மூட முடியாத இடத்தில் வைத்தேன். வைத்துவிட்டு அதன் வாயை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். "இக்மன் கரப்பங்!" என்று கார்ட் கத்தினார். சீக்கிரம் செய்யச் சொல்கிறார். அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன். பெரியவர் என் தலைக்கு நேரே நின்று என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். சத்தம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டது. கார்ட் தானே குனிந்து மூட்டையை உள்ளே இழுத்தார், கொடியைக் காட்டினார்.

சீமெந்துத் தரையில் ஏறியதும் சத்தம் இரண்டு மடங்கானது. நெட்டை பலகையில் உட்கார்ந்து, கட்டிய காலை முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்திருந்தான். உபதேசியார் மகன் பின்னாலிருந்து குனிந்து தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "கண் முழிச்சதும் அடிக்க வந்துட்டான்டா!" என்று என்னைத் தாண்டும்போது கத்தினான். ரயில் நகர்ந்தது. நடுப்பெட்டி ஜன்னலில் அவள் உடம்பில் பாதி வெளியே இருந்தது.

"என்ன ஏன் எழுப்பல புள்ள?"

"காலப் பாத்துக்க அண்ணே."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்தாள். ரயில் வேகம் எடுக்கும் வரைக்கும் பலகை ரயிலோடு கூடவே ஓடியது. சனம் ஒதுங்கி வழிவிட்டது. உபதேசியார் மகனுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் தள்ளினான். மேடை முடிகிற இடத்துக்கு முன்னால் அவளே கையை விட்டாள்.

நான் கடைசிப் பெட்டி இருந்த இடத்திலேயே நின்றேன். நெட்டை அழுதான். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது, தோள் ஆடியது. உபதேசியார் மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தான், அது தானாக உருண்டுவிடக் கூடாது என்பதற்காக.

பெரியவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மூட்டைய எத்தன தரம்டா கட்டுவ? கை ரொம்ப மெதுவு" என்றார். துண்டைத் தலையில் திரும்பக் கட்டிக்கொண்டு, "பரவாயில்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு உரம் வருது. நிப்பியா?"

"புது நேரமா, பழைய நேரமா?"

"புது நேரம்."

நின்றேன்.